நான்காவது பெயர்

ஜெயசித்ரா அப்பாவின் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி, நனைத்த பஞ்சால் அவர் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டது. முத்துசாமி கண்ணைத் திறந்தார். விடிந்ததிலிருந்து திறக்காத கண்.

"ஒண்ணும் இல்லப்பா. ஆஸ்பத்திரி போர்டு கழட்டுறாங்க."

அவர் பார்வை ஜன்னல் வரை போகப் பார்த்து, பாதியில் களைத்து நின்றுவிட்டது. போர்வைக்கு மேல் கிடந்த வலது கையில் மெதுவாக நான்கு விரல்கள் எழுந்தன.

"ஆமாம்பா. இதோட நாலாவது பேரு."

"இன்னா பேரு?"

மாஸ்க்குக்குள்ளிருந்து வந்த குரல் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் இருந்தது.

"ஓர்வியா."

"யாரு அது?"

"யாரும் இல்லப்பா. சும்மா ஒரு பேரு."

அதைக் கேட்டு அவர் சிரித்தாரா, இருமினாரா என்று தெரியவில்லை. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். ஜெயசித்ரா மாஸ்க்கைச் சரிசெய்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தாள். ஒன்பது இருபது. இரண்டு நிமிடத்துக்கு முன்பு பார்த்தபோது ஒன்பது பதினெட்டு. எழுந்து ஜன்னலோரம் போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே எழுந்தாள்.

அண்ணன் அன்புராஜ் அழைத்தான். பின்னால் வண்டிச் சத்தம்.

"எப்டி இருக்குது?"

"அப்டியேதான்ணா. நாலு விரலக் காட்டுனாரு."

"வண்டிக்குச் சொல்லிட்டேன். சிலிண்டரோட வருது. பன்னெண்டு மணிக்கு அங்க இருப்பேன். நேத்தே எடுத்துனு வந்திருக்கலாம். அம்மா ராவெல்லாம் தூங்கல. வூட்டுலதான் உசுரு போவணும்னு ஒரே பேச்சு."

"வழியில எதனா ஆயிடுச்சுன்னா? டாக்டரு சொன்னாருல்ல?"

"சொன்னாரு, சொன்னாரு." வைத்துவிட்டான்.

டாக்டர் சொன்னது உண்மைதான். ஆனால் வழியில் ஏதாவது ஆகலாம் என்று மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போவதானால் புதன்கிழமையே கூட்டிப்போங்கள், அதற்குமேல் தாங்காது என்றும் சொன்னார். இரண்டாவது வாக்கியத்தை ஜெயசித்ரா அண்ணனிடம் சொல்லவில்லை. இன்று வியாழன். இன்றைக்குத்தான் புதுக் கம்பெனிக்காரர்கள் பழைய ஆட்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவராகப் பேசி, யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிறார்கள். வராதவர்களுக்கு மறுநாள் கிடையாது. அப்பா சேலியமேட்டு வீட்டில் கிடந்தால் அவள் அங்கே இருக்க வேண்டும். இங்கே கிடந்தால் இரண்டு இடத்திலும் இருக்கலாம். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான். அதை மனசுக்குள் முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. புருஷன் விட்டுப்போய் எட்டு வருஷம் ஆகிறது. மகள் பதினொன்றாம் வகுப்பு. இந்த வேலையை விட்டால் வேறு வருமானம் இல்லை.

பதினேழு வருஷமாக அவள் வேலை பார்ப்பது கீழ்த்தளத்தில், நோயாளிகளின் பழைய கோப்புகளை வைக்கும் அறையில். முத்துசாமி சொல்லித்தான் கிடைத்தது. அவர் இங்கே நாற்பது வருஷம் லிப்ட்டில் நின்றவர்.

இந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர் சவரிராயன் டாக்டர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வைத்தியம் பார்த்து, சைகோன்வரை போய்த் திரும்பியவர். பட்டாளத்துக்காரரைச் சொல்தா என்பது இங்கே வழக்கு, அதனால் சனங்களுக்கு இது சொல்தா டாக்டர் ஆஸ்பத்திரி. பன்னிரண்டு கட்டில்களோடு தொடங்கி, மாடிக்கு மேல் மாடி ஏற்றினார். பாகூர்ப் பக்கத்திலிருந்து நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்க்கொண்டிருந்த இருபது வயது முத்துசாமியை, நோயாளிகளை நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்கிப்போகும் நான்கு பேரில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார். மூன்று வருஷம் கழித்து லிப்ட் வந்தது. மடக்குக் கதவு போட்ட, ஸ்ட்ரெச்சர் நுழைகிற அளவு பெரிய லிப்ட். மற்ற மூன்று பேரும் வீட்டுக்குப் போனார்கள். முத்துசாமி உள்ளே நின்றார்.

சொல்தா டாக்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முன்வாசல் வழியாக வந்தவர் எப்படிப் போனாலும் முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். பிணமானாலும் சரி. அந்த நேரத்தில் லிப்ட்டில் வேறு யாரையும் ஏற்றக்கூடாது. முத்துசாமி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி இறக்குவார்.

டாக்டர் போன பிறகு பிள்ளைகள் பிரான்சிலிருந்து வந்து பத்து நாள் இருந்து விற்றுவிட்டுப் போனார்கள். ஐந்து டாக்டர்கள் கூட்டாக வாங்கினார்கள். அஞ்சு டாக்டர் ஆஸ்பத்திரி ஆனது. பிணத்தைப் பார்த்தால் மற்ற நோயாளிகள் பயப்படுகிறார்கள் என்று, துணி துவைக்கிற கொட்டகைப் பக்கம் ஒரு சரிவுப் பாதை போட்டுப் பின்கேட் வைத்தார்கள். பதினெட்டு வருஷத்தில் ஐந்து பேரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் ஆனார்கள். முத்துசாமியின் லிப்ட்டில் இரண்டு டாக்டர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு போவதுண்டு. பிறகு அரிசி மில் வைத்திருந்த ஒருவர் மொத்தமாக வாங்கினார். அவர் அம்மா பெயரில் அறக்கட்டளை, வாசலில் அம்மா படம், புதுசாகத் தானே திறந்து மூடுகிற லிப்ட். அதற்கு ஆள் தேவையில்லை. ஆனாலும் மில்லுக்காரர் ஒரு ஸ்டூல் போட்டு, "நீ உக்காந்துனே இருய்யா, நீ இல்லாட்டி கூட்டம் வராது" என்றார். ஓய்வு பெறும்வரை முத்துசாமி ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான் அழுத்தினார். காக்கி, நீலம், சாம்பல் என்று மூன்று முதலாளிகளின் சட்டைகள் வீட்டுக் கொடியில் கிடந்ததுண்டு.

மில்லுக்காரரின் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி வேண்டாம். இப்போது வந்திருக்கும் கம்பெனிக்கு முகம் என்று ஒன்று இல்லை. எங்கோ ஹைதராபாத்தில் இருக்கிறது என்றார்கள். இல்லை, பணம் சிங்கப்பூருடையது என்றும் சொன்னார்கள்.

பத்தே முக்கால் மணிக்குள் ஜெயசித்ரா மூன்று முறை கீழே போய்வந்தாள். முதல் முறை, அறிவிப்புப் பலகையில் பட்டியலைப் பார்க்க. அவள் பெயர் பதினான்காவது. இரண்டாம் முறை, யாரோ வரிசை மாறுகிறது என்றார்கள், அதற்காக. மூன்றாம் முறை அவளுடைய அறைக்கே போனாள். கம்பெனியின் ஆட்கள் இரண்டு பேர் அலமாரிகளில் வில்லை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் ஒட்டினால் வைத்துக்கொள்வது, சிவப்பு ஒட்டினால் அரவைக்குப் போவது. தொடக்க காலப் பிரசவப் பதிவேடுகள் முழுக்கச் சிவப்பு. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மேலே அப்பா தனியாக இருக்கிறார் என்று ஞாபகம் வந்து படியேறினாள். லிப்ட்டில் திறப்பு விழாவுக்கான பலூன் மூட்டைகளும் நாற்காலிகளும் ஏறிக்கொண்டிருந்தன.

மூன்றாவது மாடிக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. கட்டிலருகே நர்ஸ் கல்பனா நின்று அப்பாவின் நாடியைப் பிடித்திருந்தாள். கல்பனா வில்லியனூர்ப் பெண். இவளைவிடப் பத்து வயது சின்னவள்.

"சித்ராக்கா, மூச்சு மாறிடுச்சு பாருங்க. விட்டு விட்டு வருது."

ஜெயசித்ரா பார்த்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. மறுபடி, ஏதோ நினைவு வந்தாற்போல் ஏறியது.

"எவ்ளோ நேரம் கல்பனா?"

"சொல்ல முடியாதுக்கா. ஒரு மணி நேரமும் இருக்கலாம். சாயங்காலம் வரைக்கும்கூட…"

கைப்பேசி ஒலித்தது. கீழே வரவேற்பிலிருந்து. "மேடம், உங்களுக்கு முன்னாடி இருக்குற மூணு பேர் வரல. உங்களக் கூப்புடுறாங்க. இப்பவே வாங்க."

"பத்து நிமிஷம்…"

"இப்பவேன்னு சொல்றாங்க மேடம்."

அவள் கைப்பேசியைப் பிடித்தபடி நின்றாள். "யப்பா" என்றாள். "யப்பா, கீழ கூப்புடுறாங்க."

முத்துசாமி கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் வலது கை போர்வையிலிருந்து ஒரு சாண் எழுந்தது. விரல்கள் மட்டும் இரண்டு முறை அசைந்தன. ஆயுசு முழுக்க அவர் செய்த சைகை அது. லிப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படித்தான் விரலை அசைப்பார். ஏற வேண்டியவர்கள் ஏறுவார்கள், இறங்க வேண்டியவர்கள் இறங்குவார்கள். அதற்கு 'வா' என்றும் அர்த்தம், 'போ' என்றும் அர்த்தம்.

ஜெயசித்ரா 'போ' என்று எடுத்துக்கொண்டாள்.

"கல்பனா, கொஞ்சம் பாத்துக்கோ. ஓடி வந்துடுறேன்."

"சரிக்கா" என்றாள் கல்பனா. அவள் முகத்தைப் பார்க்காமலே ஜெயசித்ரா படி இறங்கினாள்.

அறையில் இரண்டு பேர். சென்னைக்காரர் ஒருவர், நவீன்குமார் என்று கழுத்தட்டையில் இருந்தது. பக்கத்தில் ஒரு பெண், மடிக்கணினியிலிருந்து தலையெடுக்காமல் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது போலிருந்தது.

"உக்காருங்க மேடம். என்ன இப்படி வேர்த்திருக்கு? தண்ணி குடிங்க."

"பரவால்ல சார்."

"ரெக்கார்ட்ஸ்ல பதினேழு வருஷம். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா, அந்த ரூமுக்கே வேலை இல்லைன்னு எங்க மேனேஜ்மென்ட் நினைக்குது. நீங்க என்ன சொல்றீங்க?"

என்ன சொல்ல வேண்டும் என்று அவள் பத்து நாளாக மனப்பாடம் செய்திருந்தாள். அதில் ஒன்றும் இப்போது வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

"சார், கீழ செவப்பு ஒட்டியிருக்கீங்க, அந்தப் பிரசவ ரிஜிஸ்டர். போன மாசம் பிரான்ஸ்லருந்து ஒருத்தர் வந்தாரு. அறுபது வயசு. அவங்கம்மா இவர இங்கதான் பெத்தாங்களாம். அந்த ஊரு ஆபீஸ்ல தாய் பேரு எழுத்துத் தப்பா இருக்குதுன்னு பேப்பர நிறுத்தி வெச்சிருக்காங்க. எங்க தேடியும் கெடைக்கல. நம்ம ரிஜிஸ்டர்ல இருந்தது. சவரிராயன் டாக்டர் கையெழுத்து. வருஷத்துக்கு இருவது முப்பது பேரு அப்டி வராங்க சார். கம்ப்யூட்டர்ல ஏத்துறதுன்னா அத மொதல்ல ஏத்தணும். அந்தக் கையெழுத்து பாதி பிரெஞ்சு, பாதி தமிழு. அத இப்ப படிக்கத் தெரிஞ்சது நான் ஒருத்திதான்."

நவீன்குமார் பக்கத்துப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொன்னார். முதல் முறையாக அந்தப் பெண் தலையெடுத்துப் பார்த்தாள். இன்னும் கேட்டார்கள். எந்த வருஷம் எந்த முதலாளி, எந்தக் காலத்துக் கோப்பு எந்த வரிசையில், ஒருமுறை வெள்ளம் புகுந்தபோது எவை போயின, எவை மிஞ்சின. எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு கோர்வையாக அவள் வாழ்நாளில் பேசியதில்லை. தன் குரலைத் தானே கேட்டாள். வேறு யாரோ பேசுவதுபோல் நன்றாக இருந்தது.

மடியில் கைப்பேசி அதிர்ந்தது. அவள் அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"உங்க அப்பாவும் இங்கதான் வேலை பார்த்தார் போல. ஃபைல்ல இருக்கு."

"ஆமா சார். லிப்ட் ஆப்பரேட்டரு."

"இப்ப எப்படி இருக்கார்?"

கைப்பேசி நின்றது. உடனே மறுபடி அதிரத் தொடங்கியது. உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் எழுந்துவிடுவார், போங்க மேடம், போய்ப் பாருங்க என்பார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கோப்பை மூடிவிடுவார். மூடிய கோப்பு மறுபடி எப்போது திறக்கும் என்று பதினேழு வருஷம் கோப்புகளோடு இருந்தவளுக்குத் தெரியும்.

"நல்லா இருக்காரு சார்" என்றாள்.

அதற்குப் பிறகும் இரண்டு கேள்விகள். கைப்பேசி மூன்றாம் முறை அதிர்ந்து அடங்கியது. நவீன்குமார் எழுந்து கும்பிட்டபோது அவளும் எழுந்து கும்பிட்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். பிறகு ஓடினாள்.

கல்பனா மாஸ்க்கை எடுத்திருந்தாள். மாஸ்க் அழுத்திய தடம் மூக்கின் இருபக்கமும் சிவப்பாக இன்னும் இருந்தது.

"மூணு தடவ அடிச்சேன்க்கா."

"ம்."

"நான் கையப் புடிச்சினுதான் இருந்தேன். கஷ்டம் ஒண்ணும் படல. தண்ணி கேட்டாரு. ரெண்டு சொட்டு வெச்சேன்."

"வேற எதனா சொன்னாரா?"

கல்பனா கொஞ்சம் தாமதித்து, "இல்லக்கா" என்றாள். அந்தத் தாமதத்தை ஜெயசித்ரா கவனித்தாள். மேலே கேட்கவில்லை.

அப்பாவின் கால் போர்வைக்கு வெளியே தெரிந்தது. மூடினாள். தலையணையைச் சரிசெய்தாள். கட்டிலடியில் கிடந்த பையில் துண்டு, சோப்பு, டம்ளர் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். பிறகு மறுபடி வெளியே எடுத்து வேறு வரிசையில் வைத்தாள். அண்ணனுக்குப் போன் செய்து, "வாண்ணா" என்று மட்டும் சொன்னாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. எதிர்முனையில் வண்டி ஓரமாக நிறுத்தப்படும் சத்தம் கேட்டது.

மரணக் குறிப்பு வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. பழைய பெயர் போட்ட காகிதத்தில் அச்சடிக்கக் கூடாது என்று உத்தரவு, புதிய பெயருக்கு முத்திரை வந்து சேரவில்லை. ஜெயசித்ரா மேசைக்கு மேசை நடந்தாள். ஒவ்வொரு மேசையிலும் தெரிந்த முகம், ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் யாரோ பேனாவால் புதுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இந்தப் பெயரில் இந்த ஆஸ்பத்திரி எழுதிய முதல் காகிதம் அதுதான்.

அன்புராஜ் வந்தபோது முகம் வீங்கியிருந்தது. அப்பாவின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தான். கட்டட மேஸ்திரி அவன், எதையும் இரண்டு முறை படித்துப் பார்ப்பான்.

வார்டு வாசலில் நவீன்குமார் நின்றிருந்தார். மூன்றாம் மாடியில் ஒரு மரணம் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

"சிஸ்டர், பன்னெண்டே காலுக்கு சீஃப் கெஸ்ட் வர்றாங்க. பின்னால சரிவு இருக்காமே, அந்த வழியா கொஞ்சம்…" என்று தொடங்கியவர் ஜெயசித்ராவைப் பார்த்தார். "மேடம்? நீங்க இங்க…?"

"எங்கப்பா சார்."

அவர் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"பதினோரு மணிக்கு எங்கூடதானே பேசிட்டிருந்தீங்க. நல்லா இருக்கார்னு…"

முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது தாமதமாகிவிட்டது. அன்புராஜ் கையிலிருந்த காகிதத்தை மறுபடி பார்த்தான். அதில் நேரம் எழுதியிருந்தது. பதினொன்று எட்டு. தங்கையைப் பார்த்தான். ஜெயசித்ரா கண்ணைத் தாழ்த்தவில்லை. அவன் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அவள் குனிந்து ஸ்ட்ரெச்சரின் சக்கரப் பிடியைக் காலால் தள்ளி விடுவித்தாள்.

"கல்பனா, லிப்ட கூப்புடு."

"மேடம், பின்பக்கம்…" என்றார் நவீன்குமார்.

"எங்கப்பா முன்பக்கமாதான் சார் வேலைக்கு வந்தாரு." குரல் உயரவில்லை. "லிஸ்டுலருந்து என் பேர அடிச்சுக்குங்க. பரவால்ல."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு லிப்ட் வரை நடந்து, பொத்தானைத் தானே அழுத்தினார். "சீக்கிரம் கொண்டுபோயிடுங்க" என்றார்.

லிப்ட்டுக்குள் அண்ணன் தலைமாட்டில், தங்கை கால்மாட்டில். அன்புராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று மாடி இறங்க இவ்வளவு நேரமா என்று இருந்தது.

கீழே கூடம் முழுக்கப் பலூன். நடுவில் பூக்கோலம், ஏற்றாத குத்துவிளக்கு, சிவப்பு ரிப்பன். புதுச் சீருடைப் பெண்கள் தட்டோடு நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கோலத்தைச் சுற்றிப் போக இடம் இல்லை. அன்புராஜ் ஒரு பக்கம் தூக்க, கேன்டீனிலிருந்து ஓடிவந்த பழைய ஆள் ஒருவர் மறுபக்கம் பிடிக்க, துப்புரவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் வந்து கைகொடுக்க, ஸ்ட்ரெச்சர் கோலத்துக்கு மேலாகக் கடந்தது. ஒரு சக்கரம் மட்டும் ஓரத்தில் பட்டுச் சாமந்தி இதழ்களை வாசற்படி வரை இழுத்துப் போனது. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து முத்துசாமியின் காலைத் தொட்டார்கள். நான்கு பெயர்களில் மூன்று பெயர்களின் முதலாளிகளை லிப்ட்டில் ஏற்றி இறக்கிய மனிதர் இவர் என்று அங்கிருந்த புதியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வண்டியில் அன்புராஜ் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான். பின்னால் அவளும் அப்பாவும். முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம் என்று ஊர்கள் பின்னால் போயின. காலையிலிருந்து நிற்காமல் ஏறி இறங்கிய கால்களுக்கு இப்போது போக இடமில்லை. முன்னால் கண்ணாடி வழியாக அண்ணனின் பின்னந்தலை தெரிந்தது. ஒருமுறை திரும்பிக் கெட்ட வார்த்தையில் திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். வலப்பக்கம் திரும்பியதும் ஐப்பசி மாத வயல்கள் தொடங்கின. நடவு முடிந்த சேற்றில் வானம் கிடந்தது. மழை வரும்போல் இருந்தது.

வீட்டு வாசலில் சாமியானா போட்டாயிற்று. பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ராமாயி முட்டிவலியால் எழ முடியாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு கையையும் நீட்டினாள். பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். ஜெயசித்ரா அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், மாலை வாங்க ஆளனுப்பினாள், குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்தாள். மகள் வந்து, "ம்மா, செத்த உக்காரு" என்று கையைப் பிடித்ததை உதறிவிட்டுப் போனாள்.

மூன்றரை மணிக்குக் கல்பனா வந்தாள். பணி முடிந்து, உடை மாற்றி, இரண்டு பஸ் பிடித்து வந்திருந்தாள். மாலையைச் சாத்திவிட்டு ஜெயசித்ராவின் பக்கத்தில் வந்து, காதோடு, "வெச்சுக்குறவங்க லிஸ்டு ஒட்டிட்டாங்கக்கா. உங்க பேரு இருக்குது" என்றாள்.

"ம்" என்றாள் ஜெயசித்ரா. பிறகு, "சாப்ட்டியா நீ?" என்று கேட்டாள்.

ராமாயி கல்பனாவை அடையாளம் கண்டுகொண்டாள். பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அந்த வார்டு நர்சம்மாதான? சொல்லு தாயி. கடசில யாரு இருந்தா அவரு கிட்ட? தனியாவா போனாரு?"

அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஜெயசித்ரா கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றாள். பறைக்காரர்கள் நெருப்பில் தோலைக் காய்ச்சப் போயிருந்தார்கள். கல்பனா வாயைத் திறந்தாள்.

"சித்ராதாம்மா இருந்தா." பாடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அன்புராஜ் தலை நிமிராமல் சொன்னான். "கையப் புடிச்சினு இருந்தா. தண்ணி குடுத்தா. அதுக்கப்புறந்தான் போனாரு."

"குடிச்சாரா?"

"குடிச்சாரு" என்றான் அவன். கயிற்றைப் பல்லால் கடித்து இறுக்கினான்.

ராமாயி மகளைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். "நீ நல்லா இருக்கணும்" என்றாள். கல்பனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயசித்ரா சொம்பை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அப்படியே வீட்டுக்குள் போய் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

நாலரை மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். இருட்டுவதற்குள் அடக்கம் முடிந்து, தலையில் நீர் ஊற்றிக்கொண்டு ஆண்கள் வந்தார்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கல்பனாவைக் கடைசி பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. சீராக, சத்தமாக.

சாமியானாவின் நடுவில் தண்ணீர் தேங்கித் துணி வயிறுபோல் தொங்கியது. மூங்கில் கால்கள் முனகின. அன்புராஜ் ஈர வேட்டியோடு வந்து ஒரு கழியை எடுத்து அடியிலிருந்து தூக்கினான். தண்ணீர் ஒரு பக்கம் உருண்டு போய் மறுபக்கம் தேங்கியது. அங்கே போய்த் தூக்கினான், இங்கே வந்தது. ஜெயசித்ரா கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கி, சுவரோரம் சாத்தியிருந்த துடைப்பக் கட்டையை எடுத்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.

"தூக்கு" என்றான் அன்புராஜ்.

இரண்டு பேரும் ஒன்றாகத் தூக்கினார்கள். தேங்கியதெல்லாம் ஒரே வீச்சில் தெருவில் கொட்டியது. துணி லேசாகி மேலெழுந்தது. மறுபடி மழை விழுந்து நிறையத் தொடங்கியது. இருவரும் கழியை இறக்காமல் அப்படியே நின்றார்கள்.